வில்லின் முதுகில் ஒட்டிய நரம்பு



பரிசளிப்பு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால், சோழன் கடாரம் கொண்ட கதையாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பீர்கள். அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். இம்முறை அரசனைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவன் கையிலிருந்த வில்லைப் பார்ப்போம். பிறகு அந்த வில்லைச் செய்தவனையும் தேடிப் பார்ப்போம். அவன் அவ்வளவு எளிதில் அகப்படமாட்டான் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஒரு பெயரிலிருந்து தொடங்குவோமா?

சாரங்கபாணி என்றால் என்ன?

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்களைப் பற்றிக் கேள்விப்படாத பெரியவர்கள் குறைவு. 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்து, 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கியவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியவர். தோட்டத்துத் தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து அந்த நிதிக்கு வெள்ளி கொடுத்தார்கள். 1974இல் அவர் மறைந்தார்.

சரி, அவர் பெயருக்குப் பொருள் என்ன? பாணி என்றால் கையில் உடையவர். சாரங்கம் என்பது திருமாலின் வில். சார்ங்கம் என்றும் எழுதுவார்கள். வடமொழியில் ‘சிருங்கம்’ என்றால் கொம்பு. கொம்பினால் ஆனது ‘சார்ங்கம்’. ஆகவே சாரங்கபாணி என்றால் கொம்பு வில்லைக் கையில் ஏந்தியவர். கும்பகோணத்துப் பெருமாளுக்கும் அதுவே திருநாமம். நம் கிள்ளானில் உள்ள சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிறோமே, அந்தத் திருமாலின் ஐந்து ஆயுதங்களில் சங்கும் சக்கரமும் எல்லோருக்கும் தெரியும். ஐந்தில் ஒன்று இந்தக் கொம்பு வில்.

இங்கே ஒரு மாணவன் எழுந்து கேட்கலாம்: “சார், கொம்பு வளையாதே! வளைத்தால் ஒடிந்து போகுமே! அதில் எப்படி வில் செய்வது?”

நல்ல கேள்வி! கொம்பை மட்டும் வைத்து நல்ல வில் செய்ய முடியாது. மரத்தை நடுவில் வைத்து, உள்பக்கம் எருமைக் கொம்பை ஒட்டி, வெளிப்பக்கம் மாட்டு நரம்பை ஒட்டிச் செய்ததே ஆசியாவின் புகழ்பெற்ற கொம்பு வில். பெயர் என்னவோ கொம்புக்குப் போய்விட்டது. ஆனால் அந்த வில் ஒடியாமல் வளைந்ததற்குக் காரணம் முதுகில் இருந்த நரம்பு. கொம்பே இல்லாமல், வெறும் மரவில்லின் முதுகில் நரம்பு ஒட்டியவர்களும் உலகில் இருந்தார்கள். நரம்பே இல்லாமல் கொம்பு வில் செய்து நிலைத்தவர் அரிது.

வில்லுக்கும் முதுகு உண்டு, வயிறு உண்டு

வில்லாளியை நோக்கி இருக்கும் பக்கம் வில்லின் வயிறு. எதிரியை நோக்கி இருக்கும் பக்கம் அதன் முதுகு. பள்ளிக்கூடத்து வேலியோரம் ஒரு பச்சைக் குச்சியை ஒடித்து வளைத்துப் பாருங்கள். உள்பக்கம் சுருங்கி மடியும். வெளிப்பக்கம் இழுபட்டு, நார் நாராகப் பிரிந்து தெறிக்கும். வில்லும் அப்படித்தான். நாணை இழுக்க இழுக்க வயிறு நசுங்குகிறது, முதுகு நீள்கிறது. மரம் அதிகம் நீளாது. தன் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு நீண்டாலே பல மரங்கள் முறிந்து விடும்.

இதனால்தான் வெறும் மரத்தால் செய்த வில் ஆள் உயரம் இருக்க வேண்டியதாயிற்று. நீளமான வில்லில் வளைவு பரவலாக விழும். குட்டை வில்லை அதே அளவு இழுத்தால் ‘படார்’ என்று முதுகு பிளந்து கொள்ளும். குதிரை மேல் இருப்பவனுக்கோ, புதருக்குள் பதுங்கிச் செல்லும் வேடனுக்கோ ஆள் உயர வில் சுமைதான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது நரம்பு. நாம் கசாப்புக் கடையில் ‘நரம்பு’ என்று சொல்வது, அறிவியல் பாடத்தில் வரும் தசைநாண். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் வெள்ளைக் கயிறு அது. நம்ம மொழியின் அழகைப் பாருங்க! தசைநாண் என்ற சொல்லுக்குள்ளேயே வில்லின் நாண் இருக்கிறது. இந்தத் தசைநாண் மரத்தைக் காட்டிலும் பல மடங்கு நீளும். விட்டால் தன் பழைய அளவுக்குத் திரும்பும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கவட்டைக் கம்பில் ரப்பர்ப் பட்டை கட்டிக் கல் எறிந்தவர்கள்தானே நாம்! இழுத்த பட்டை எந்த வேலையைச் செய்கிறதோ, அந்த வேலையில் ஒரு பங்கை வில்லின் முதுகில் ஒட்டிய நரம்பு செய்கிறது.

நரம்பு ஒட்டும் முறை

“மாட்டு நரம்பா? அது சூப்புக்குத்தானே ஆகும்!” என்று சிரிக்காதீர்கள். சூப்பில் போட்டால் ஒரு வேளை உணவு. பொறுமையோடு ஒட்டினால் ஒரு தலைமுறைக்கு ஆயுதம். எப்படி என்று பார்ப்போம்.

மாட்டின் பின்னங்கால் நரம்பையும் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பையும் எடுத்து, கொழுப்பும் இறைச்சியும் இல்லாமல் சுரண்டிக் காய வைப்பார்கள். காய்ந்ததும் அது மஞ்சள் நிறத்தில் கட்டை போல இறுகிவிடும். அதைக் கல்லின் மேல் வைத்து மரச் சுத்தியால் மெல்ல மெல்லத் தட்டுவார்கள். கூரான இரும்பால் அடித்தால் இழை அறுந்துவிடும் என்பதால்தான் மரச் சுத்தி. தட்டத் தட்ட அந்தக் கட்டை தும்பு தும்பாகப் பிரியும். அதைக் கையால் கிழித்து, சீப்பால் வாரி, நீளம் பார்த்துப் பிரித்து, சிறுசிறு கற்றையாக அடுக்கி வைப்பார்கள்.

அடுத்தது பசை. நம் தச்சர்கள் ‘வச்சிரம்’ என்று சொல்வார்களே, தோல் துண்டுகளை நீரில் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசைதான். சில நாடுகளில் மீனின் காற்றுப்பையைக் காய்ச்சியும் எடுத்தார்கள். சீனர் கடையில் சூப்புக்காகத் தொங்குகிறதே, அதேதான். பசையைக் கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் அதன் வலு போய்விடும். சிறுதீயில் வைத்துக் காக்க வேண்டும்.

வில்லின் முதுகைச் சுரசுரப்பாகச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, முதலில் நீர்த்த பசை பூசுவார்கள். கைவிரலின் எண்ணெய் பட்டாலும் அந்த இடத்தில் நரம்பு பிடிக்காது. பிறகு நரம்புக் கற்றையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிழிந்து, சூடான பசையில் தோய்த்து, மிச்சப் பசையை விரலால் வழித்துவிட்டு, வில்லின் நடுவிலிருந்து நுனி நோக்கி நீள வாக்கில் படுக்க வைத்து நீவிவிடுவார்கள். ஒரு கற்றையின் முனையும் பக்கத்துக் கற்றையின் முனையும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. கொத்தனார் செங்கல் அடுக்கும்போது, கீழ் வரிசை இணைப்புக்கு நேர் மேலே அடுத்த இணைப்பு வராமல் மாற்றி மாற்றி வைப்பார் இல்லீங்களா? அதே முறை. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கடைகளை அழித்த பிறகு, ஊரைச் செங்கல்லால் கட்டச் சூளைகள் வைத்த இடம்தான் நம் பிரிக்பீல்ட்ஸ். அந்தச் சுவர்களுக்குப் பொருந்திய விதி வில்லுக்கும் பொருந்துகிறது.

ஓர் அடுக்கு காய்ந்ததும் இன்னோர் அடுக்கு. அதன் பிறகு காத்திருப்பு. நிழலில், காற்றோட்டத்தில், வாரக்கணக்கில், சில நாடுகளில் மாதக்கணக்கில் அது காய வேண்டும். காயும்போது நரம்பு சுருங்கும். சுருங்கி, வில்லின் இரு கைகளையும் பின்புறமாக இழுத்து வளைக்கும். நாண் பூட்டாத நல்ல நரம்பு வில் ஒன்றைப் பார்த்தால், அது திரும்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். உள்ளே ஈரம் இருக்கும்போதே அவசரப்பட்டு நாண் பூட்டினால், அந்த வலு வராமலே போய்விடும். கொம்பும் நரம்பும் சேர்ந்த வில்லுக்கு, தொடங்கி முடிக்க ஓராண்டும் அதற்கு மேலும் ஆனதுண்டு.

இதையெல்லாம் எழுதி வைத்தது யார்?

எகிப்தில் துட்டன்காமன் என்ற இளவயது மன்னனின் கல்லறை 1922இல் திறக்கப்பட்டது. அதில் மரமும் கொம்பும் நரம்பும் சேர்த்துச் செய்த வில்கள் கிடைத்தன. வயது 3,300 ஆண்டுகளுக்கு மேல்! பாலைவனத்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது. மன்னன் பெயர் உலகமெங்கும் தெரியும். அந்த வில்களில் நரம்பு ஒட்டியவரின் பெயர் தெரியாது. அவர் கையால் செய்ததை நாம் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கலாம். அவர் அதை எப்படிச் செய்தார் என்று அவர் வாயிலிருந்து கேட்க வழியில்லை.

ஆனால் ஒருவரிடமிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த வரலாறு சோகமானது. பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யாகி என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். 1848இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் வெள்ளையர்கள் வந்து குவிந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் யாகி மக்கள் வேட்டையாடப்பட்டு அழிந்தார்கள். மிஞ்சிய ஒருவர், பசியோடும் தனிமையோடும், 1911 ஆகஸ்டு 29ஆம் நாள் ஓரோவில் என்ற ஊரருகே வெளியே வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். பெயர் கேட்டபோது அவர் சொல்லவில்லை. அந்நியரிடம் தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் மரபில் இல்லை. எனவே ஆல்பிரட் குரோபர் என்ற அறிஞர் அவருக்கு ‘இஷி’ என்று பெயரிட்டார். அவர்கள் மொழியில் அதற்கு ‘மனிதன்’ என்றுதான் பொருள்.

அருகிலிருந்த மருத்துவமனையில் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் வேலை பார்த்தார். அவர் இஷியின் பக்கத்தில் உட்கார்ந்து, வில் செய்யும் கலையைப் பாடம் கேட்டார். படித்த டாக்டர் மாணவர். எழுதப் படிக்கத் தெரியாத காட்டு மனிதர் ஆசிரியர்! இஷியின் வில் ஏறத்தாழ மூன்றரை அடி நீளம். மலையில் வளரும் ஒரு வகை மரம். சால்மன் மீனின் தோலைக் காய்ச்சிப் பசை எடுத்தார். மானின் நரம்பை வாயில் போட்டு மென்று மென்று மிருதுவாக்கினார். சுரசுரப்பாக்கிய வில்லின் முதுகில் பசை தடவி, நரம்பை நீளமாகப் படுக்க வைத்து, நுனிகளைச் சுற்றி மடித்தார். மேலே மரப்பட்டை நாடாவால் கட்டுப் போட்டு, பின்னர் அவிழ்த்து, மணற்கல்லால் தேய்த்தார்.

1916 மார்ச் 25ஆம் நாள் காசநோய் அவரைக் கொண்டு போயிற்று. போப் தாம் கற்றதை 1918இல் ஓர் ஆய்வாகவும், 1923இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். அதன் பிறகு உலகில் கைவில் செய்யக் கற்றுக்கொண்ட பலர் அந்த எழுத்துகளைப் படித்தார்கள். இஷியின் இனம் இல்லை, மொழி பேச ஆள் இல்லை, உண்மைப் பெயர் கூட நமக்குத் தெரியாது. ஆனாலும் அவர் கை அறிந்த பாடம் நிற்கிறது. ஏன்? ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினார். அவ்வளவுதான்.

நம் முன்னோரும் வில்லும்

நம் பக்கம் திரும்புவோம். சேரனின் கொடியில் வில். கொல்லி மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். வில்லைப் பாடினார்கள், வில்லாளியைப் பாடினார்கள். வில் செய்தவன் பாட்டில் இல்லை.

கௌடலீயரின் அர்த்தசாத்திரம் என்ற அரசியல் நூல் ஆயுதக் கிடங்கில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. பனை, மூங்கில், மரம், கொம்பு என நால்வகை வில்கள். நாணுக்கு மூர்வா என்னும் நார்ச்செடி, எருக்கு, சணல், ஒருவகைப் புல், மூங்கில், நரம்பு. இந்த நூல் பல நூற்றாண்டுகள் ஏடு கிடைக்காமல் மறைந்திருந்தது. 1905இல் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் பனையோலைச் சுவடி ஒன்றை மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். நூலகர் சாமசாஸ்திரி அதைப் படித்து, 1909இல் அச்சிட்டார். ஏட்டை யாரோ ஒரு வீட்டில் காத்து வைத்ததால்தான் பனைவில்லும் எருக்க நாணும் நமக்குத் தெரியவந்தன.

மூர்வா என்பதை அறிஞர் பலர் மருள் இனமாகக் கருதுகிறார்கள். சங்க நூல்கள் அதை மரல் என்று சொல்லும். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் வாசிக்கிறான். வில்லுக்கும் யாழுக்கும் ஒரே நார்! வெள்ளைக்காரர்களும் அந்தச் செடியை ‘வில்நாண் சணல்’ என்றே அழைத்தார்கள். நம் வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கும் ‘மாமியார் நாக்கு’ அதன் நெருங்கிய உறவு. மாமியாரைத் திட்டுவதற்கு முன் அந்த இலையை ஒருமுறை மரியாதையோடு பாருங்கள்!

தப்பு சொல்லும் பாடம்

“இவ்வளவு சிறந்த நரம்பு வில்லை மலாயாக் காட்டில் ஏன் யாரும் செய்யவில்லை?” என்று கேட்கலாம்.

இதற்கு விடை தோட்டத்துத் திருவிழாவில் இருக்கிறது. தப்பு அடிப்பவர்கள் அடிப்பதற்கு முன் என்ன செய்கிறார்கள்? வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தப்பைத் தீயில் காய்ச்சுகிறார்கள். மழைக்காற்றில் ஊறிய தோல் தொய்ந்து ‘தொப் தொப்’ என்று கத்தும். சூடு காட்டியதும் இறுகி ‘டண்’ என்று பேசும். தோலுக்கு என்ன ஆகிறதோ அதுவே நரம்புக்கும் வச்சிரப் பசைக்கும் ஆகும். ஈரத்தில் பசை இளகும், நரம்பு தொய்யும், வில் சோர்ந்து போகும். ஆண்டு முழுவதும் ஈரம் கனத்துக் கிடக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில், நரம்பு வில் தொய்ந்த தப்பின் கதிக்கு வந்திருக்கும்.

மற்ற நாட்டார் இதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கொரியாவில் கொம்பு வில்லைச் செய்யும் கலைஞர்கள் உண்டு. அக்கலையை அந்நாட்டு அரசு 1971இல் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அங்கே மழைக்காலத்தில் வில்லை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் காப்பார்கள். இந்தியாவில் முகலாயர் காலத்தில் நரம்பு வில்லைப் போன்ற வடிவிலேயே எஃகு வில்கள் செய்தார்கள். அவை அம்பை அவ்வளவு வேகமாகச் செலுத்தாவிட்டாலும், ஈரத்தில் கெடாமல் ஆயுதக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ், கி.மு. 480இல் பாரசீகப் படையோடு சென்ற இந்திய வீரர்கள் பருத்தி ஆடை உடுத்தி, மூங்கில் போன்ற நாணல் வில்லும் அம்பும் ஏந்தியிருந்ததாக எழுதுகிறார். ஈரம் கண்ட நாட்டுக்கு நாணலும் மூங்கிலும் பொருத்தம்.

நம் நாட்டின் மூத்த குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். வடக்கே செமாங் மக்கள் மரவில்லும் நஞ்சு தோய்த்த அம்பும் வைத்திருந்ததை 1906இல் ஸ்கீட்டும் பிளாக்டனும் எழுதிய நூல் பதிவு செய்திருக்கிறது. காலப்போக்கில் மூங்கில் ஊதுகுழல் அந்த வில்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நெருக்கமான காட்டில், குரங்கையும் பறவையையும் சத்தமின்றி வீழ்த்த அதுவே ஏற்றது. அந்த அம்புக்கு நஞ்சு எங்கிருந்து? ஈப்போ மரத்தின் பாலிலிருந்து. ஈப்போ நகருக்கே அந்த மரத்தால்தான் பெயர் வந்தது. மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் பாலைப் பிடித்துக் காய்ச்சினார்கள். நாம் இங்கே வந்து பால்மரம் வெட்டுவதற்கு எத்தனையோ காலம் முன்பே, இந்த மண்ணில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கத் தெரிந்த கைகள் இருந்தன! கோம்பாக்கில் உள்ள ஓராங் அஸ்லி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், ஊதுகுழலை நேரிலேயே காட்டலாம்.

வில் போனது, கை எங்கே போனது?

துப்பாக்கி வந்தது. வில் போனது. அப்படியானால் வில் செய்தவன் என்ன ஆனான்? அரசர் வரலாறு இதைக் கேட்பதில்லை. நாம் கேட்போம். ஏனென்றால் நம் வீட்டுக் கேள்வியும் அதுதான்.

வட இந்தியாவில் வில் செய்தவர்களுக்குக் கமாங்கர் என்று பெயர். பாரசீக மொழியில் கமான் என்றால் வில். நரம்பு வில்லை ஈரம் தாக்காமலிருக்க மேலே தோலோ மரப்பட்டையோ ஒட்டி, வண்ணமும் மெருகும் பூசி, பூவும் கொடியும் தீட்டுவது அவர்கள் வழக்கம். வில்லுக்கு ஆள் இல்லாமற் போனபோது அந்தத் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1881ஆம் ஆண்டின் பஞ்சாப் மக்கள்தொகை அறிக்கை, கமாங்கர்கள் மரச்சாமான்களுக்கு வண்ண வேலை செய்பவர்களாகிவிட்டதையும், அதில் நுணுக்கமான வேலை அவர்களுடையது என்பதையும் குறிப்பிடுகிறது. குஜராத்தின் கச்சுப் பகுதியில் அவர்கள் சுவரோவியம் தீட்டினார்கள். ‘கமாங்காரி’ என்றே அந்த ஓவியத்துக்குப் பெயர். இன்னும் சிலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களானார்கள். யோசித்துப் பாருங்கள், நரம்பையும் எலும்பையும் கட்டையும் அறிந்த விரல்கள்தானே!

வேலை போயிற்று, கையின் அறிவு போகவில்லை. வேறு வாசல் வழியாக அது வெளியே வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செத்த மாட்டின் தோலையும் நரம்பையும் தொட்டவர்களை நம் நாட்டில் எங்கே வைத்தார்கள்? ஊருக்கு வெளியே. கொம்பு வில்லின் பெயரைக் கடவுளுக்குச் சூட்டிக் கையெடுத்துக் கும்பிட்டோம். தோலை உரித்து, நரம்பைப் பிரித்து, பசை காய்ச்சிய சனங்களின் கையைத் தொட மறுத்தோம். கோயில் மத்தளத்துக்குத் தோல் வேண்டும். தோல் கொடுத்தவன் வாசலுக்கு வரக்கூடாது. இது எந்த ஊர் நியாயம்? இந்த அநியாயத்தை எதிர்த்து 1930களிலேயே சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வழியாகப் போராடியவர்களில் முன்னணியில் நின்றவர் யார் தெரியுமா? கொம்பு வில் ஏந்தியவன் என்று பெயர் கொண்ட அதே சாரங்கபாணி அவர்கள்தான்.

நம் வீட்டு வில்

இப்போது நம் கதைக்கு வருவோம். ரப்பர் நாற்று 1877இல் சிங்கப்பூர் வந்தது. மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி ஆராய்ந்து கண்டார். அவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, இருக்கட்டும், உழைத்தவர்தான். ஆனால் அந்த முறையைத் தினந்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து காட்டிய கைகள் யாருடையவை? நம் தாத்தாவுடையவை. நம் பாட்டியுடையவை.

விடியுமுன் ஏன் எழுந்து போனார்கள்? குளிர்ந்த வேளையில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சாய்கிறது? பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்வாக ஏறுகின்றன; எதிர்ச்சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் என்ன ஆகும்? மரத்தில் காயம் விழும். பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த சுற்று வெட்டு கெடும். தடவிப் பார்த்தே ஆழம் சொல்லும் விரல்கள் லயத்துக்கு லயம் இருந்தன. நரம்பு இழையின் ஈரத்தை விரலால் அறிந்த கமாங்கருக்கும், பட்டையின் ஆழத்தைக் கத்தி முனையால் அறிந்த நம்ம பாட்டிக்கும் என்ன வேற்றுமை? இரண்டும் படித்து வந்த கலைதான். பள்ளிக்கூடம் மட்டும் வேறு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரம் நின்ற இடங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. மங்கும் வாளியும் வெட்டுக் கத்தியும் பலர் வீட்டில் பழைய சாமானாகிவிட்டன. “நாங்க என்னத்தப்பா படிச்சோம், மரம் வெட்டத்தான் தெரியும்” என்று பெரியவர்கள் கூசிக்கொண்டு சொல்வதைக் கேட்கிறோம். அந்தக் கூச்சம் தேவையில்லாதது. இஷியும் எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். அவர் முன்னால் ஒரு டாக்டர் மாணவனாக உட்கார்ந்தார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை டாக்டராகட்டும், வழக்கறிஞராகட்டும், பொறியியலாளராகட்டும். மேடையேறிப் பரிசு வாங்கும் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் உயரட்டும். அவர்கள் உயர்ந்தது எந்தக் கைகளின் மேல் ஏறி நின்று என்பதை மட்டும் சொல்லி வளருங்கள். தோட்டத்து வாழ்க்கையை மறைத்து வளர்க்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு தாத்தா பக்கத்திலோ பாட்டி பக்கத்திலோ உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எத்தனை மரம் என்று கேளுங்கள். கத்தி எப்படித் தீட்டினார்கள், மழை நாளில் என்ன செய்தார்கள், பால் எப்படி உறைந்தது, ஒட்டுப்பால் எப்படிச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். மாடு வளர்த்தவராக இருந்தால் மாட்டைப் பற்றி. தப்பு அடித்தவராக இருந்தால் தோல் கட்டுவதைப் பற்றி. ரயில்வேயில் வேலை பார்த்தவராக இருந்தால் தண்டவாளத்தைப் பற்றி. அவர் சொல்கிற சொல்லையே எழுதுங்கள். புத்தகத் தமிழாக மாற்ற வேண்டாம்.

வில்லை ஏந்தியவன் பெயர் கோயிலில் இருக்கிறது. நரம்பு ஒட்டியவன் பெயர் எங்கும் இல்லை. நம் வீட்டு வரலாறும் அப்படி ஆகிவிடக் கூடாது. ஆகவே, மற்றதெல்லாம் எழுதுவதற்கு முன், நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில் உங்கள் தாத்தா பாட்டியின் பெயரை முழுமையாக எழுதுங்கள்.